தாத்தா ஏன் 'ஆபீசர்' என்ற சொல்லை அடித்தார்?

சித்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று எனக்கு ஏழு வயது. ஓரத்தில் மஞ்சள் தடவுவதற்காக அம்மாவும் பாட்டியும் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா ஒன்றை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவர் பெயருக்குக் கீழே 'நேவி ஆபீசர் (ஓய்வு)' என்று போட்டிருந்தது. அச்சகத்தில் மேட்டர் கொடுத்த சின்ன தாத்தாவின் வேலை அது.

தாத்தா யாரையும் திட்டவில்லை. கறுப்பு மை பேனாவுடன் திண்ணையில் உட்கார்ந்தார். ஐந்நூறு பத்திரிகையிலும் 'ஆபீசர்' என்ற சொல்லை அடித்தார்.

"விடுங்கப்பா, யாரு கேக்கப் போறா?" என்றாள் அம்மா.

"நானே கேக்குறேன்ல" என்றார்.

அந்த வேலை முடிய இரண்டு நாள் ஆனது. பெண் வீட்டுப் பத்திரிகை இப்படிக் கோடு போட்டா போகும் என்று பாட்டி முணுமுணுத்ததும், அம்மா கண் கலங்கியதும் நினைவிருக்கிறது. தாத்தாவுக்கு ஏதோ அவமானம் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பதினெட்டு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது தவறு என்று புரியவைத்தது ஒரு நைட் ஷிஃப்ட்.

பெட்டி ஆபீசரா, பெட்டி தூக்குறவரா?

இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சின்னச் செய்தி வந்தது. ஊரில் எல்லோருக்கும் பிள்ளைகளைப் படிக்கவைக்க உதவிய ஒரு முன்னாள் கடற்படைக்காரர் காலமாகியிருந்தார். குறிப்பில் பதவி 'மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர்' என்று இருந்தது. நான் 'முன்னாள் கடற்படை அதிகாரி காலமானார்' என்று தலைப்பு வைத்தேன். பக்கத்து சீட்காரர் "அதிகாரி இல்லப்பா, வீரர்னு போடு" என்றார். இன்னொருவர், "பெட்டி ஆபீசர்னா என்ன, பெட்டி தூக்குறவரா?" என்று கேட்டார். சிரித்தோம். சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் தாத்தாவும் அதே பதவியில்தான் ஓய்வு பெற்றார்.

போன் போட்டேன். தாத்தா தூங்கியிருக்கவில்லை.

"அதிகாரின்னு போடாத. அது தப்பு. வெறுமனே வீரர்னும் போடாத. அது பாதிதான்."

"அப்ப என்னதான் போடுறது தாத்தா?"

"உள்ள பேரப் போடு. ஆர்மில சுபேதார்னு சொல்றாங்கல்ல, அதுக்கும் மேல சுபேதார் மேஜர்னு... அந்த வரிசை. ஏர்ஃபோர்ஸ்ல இதே இடத்துக்கு வாரன்ட் ஆபீசர்னே பேரு. எங்க நேவில பேரு மட்டும் வேற. ஆனா இந்த வகையே கப்பல்லதான் பொறந்துச்சு. படிச்சுப் பாரு."

செய்தித்துறையில் எனக்குத் தெரிந்த ஒரே வாரன்ட், கோர்ட் போடும் பிடிவாரன்ட். அன்றைக்கு ஆரம்பித்த தேடல் என்னை இங்கிலாந்தின் பழைய துறைமுகங்களுக்குக் கொண்டுபோய்விட்டது.

சண்டை பிரபுவுக்கு, கப்பல் மாலுமிக்கு

மத்திய கால இங்கிலாந்தில் நிரந்தரக் கடற்படை கிடையாது. போர் வந்தால் வியாபாரக் கப்பல்களை அரசர் கூப்பிட்டுக்கொள்வார். தென்கிழக்குக் கரையில் 'சின்க் போர்ட்ஸ்' என்று சில துறைமுக ஊர்கள் இருந்தன. வரிச்சலுகைக்குப் பதிலாக அவை வருடத்துக்கு 15 நாள் 57 கப்பல்களை அரசருக்குத் தர வேண்டும்.

கப்பல் வரும், கூடவே அதன் ஆட்களும் வருவார்கள். ஆனால் சண்டைக்குத் தலைமை தாங்க ஒரு பிரபு தன் வீரர்களோடு ஏறுவார். அவருக்கு வாள் வீசத் தெரியும். பாயை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது, பாறை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. அந்த வேலையை, ஏற்கெனவே கப்பலில் இருந்தவர்களே செய்தார்கள். வழி பார்க்கும் மாஸ்டர், கயிறும் பாயும் நங்கூரமும் பார்க்கும் போசன், தச்சர், சமையல்காரர்.

அரசுக் கடற்படை உருவான பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. கேப்டனுக்கும் லெப்டினன்டுக்கும் 'கமிஷன்' என்ற அதிகாரப் பத்திரம் கிடைத்தது. தொழில் தெரிந்தவர்களுக்கு 'வாரன்ட்' கிடைத்தது. கப்பல்களைப் பராமரிக்க 1546-ல், எட்டாம் ஹென்றி காலத்தில் உருவான நேவி போர்டு அதைத் தந்தது. பீரங்கிகளுக்குப் பொறுப்பான கன்னருக்கு மட்டும் ஆயுதங்களைக் கவனிக்கும் போர்டு தந்தது.

வாரன்ட் என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். மிக்ஸி வாங்கினால் தருகிறார்களே வாரன்ட்டி கார்டு, அதே வேர்தான். 'இந்த ஆள் இந்த வேலைக்குச் சரியானவர், நாங்கள் பொறுப்பு' என்ற உத்தரவாதச் சீட்டு. சும்மா தரமாட்டார்கள். வழி நடத்தும் மாஸ்டர், டிரினிட்டி ஹவுஸ் என்ற அமைப்பின் முன்னால் பரீட்சைக்கு நிற்க வேண்டும். சர்ஜனுக்கும் தனிப் பரீட்சை உண்டு.

இந்தப் பதவிகள் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. இங்கிலீஷ்காரர்கள் போசன் என்று சொன்னவரை நம் பக்கத்துக் கப்பல்களில் சாரங்கு என்றார்கள். அவருக்குக் கீழே தண்டல். மரவேலை பார்ப்பவர் ஓடாவி.

இவர்களில் போசன், கன்னர், தச்சர் மூவருக்கும் ஒரு தனிச் சிறப்பு இருந்தது. போர் முடிந்து கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டால் கேப்டன் போய்விடுவார், லெப்டினன்டுகள் போய்விடுவார்கள், மாலுமிகளும் கலைந்துவிடுவார்கள். இந்த மூவரும் கப்பலோடே இருப்பார்கள். கேப்டன்கள் மாறிக்கொண்டே இருக்க, ஒரே கப்பலில் இருபது வருடம் இருந்த கன்னர்கள் உண்டு.

"நாங்களும் அப்படித்தான்" என்றார் தாத்தா, இதை நான் போனில் படித்துக் காட்டியபோது. "ஆபீசருங்க ரெண்டு வருஷத்துல மாறிடுவாங்க. மெஷின் என்ன சத்தம் போடும்னு எங்களுக்குத்தான் தெரியும்."

கூலிக்காரர் மகன் எழுதிய பரீட்சை

பள்ளிப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த கேப்டன் ஜேம்ஸ் குக் ஒரு காலத்தில் வாரன்ட் ஆபீசர் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

யார்க்‌ஷயரில் பண்ணைக் கூலி ஒருவரின் மகனாக 1728-ல் பிறந்தவர் குக். நிலக்கரிக் கப்பல்களில் தொழில் கற்றார். 1755-ல் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். இரண்டே வருடத்தில், 1757 ஜூன் 29-ம் தேதி, டிரினிட்டி ஹவுஸில் மாஸ்டர் பரீட்சை தேறினார். 1759-ல் கனடாவின் கியூபெக் நகரைப் பிடிக்க பிரிட்டிஷ் கப்பல்கள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறியபோது, ஆழம் பார்த்து வழி குறித்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு நியூஃபவுண்ட்லாந்து கரையை அளந்து வரைபடம் தயாரித்தார்.

இவ்வளவு செய்தும் கமிஷன் கிடைக்கவில்லை. மாஸ்டர் மாஸ்டராகவே இருந்தார்.

1768-ல் பசிபிக் பயணத்துக்கு ஆள் தேடினார்கள். விஞ்ஞானிகளின் ராயல் சொசைட்டி, அலெக்சாண்டர் டால்ரிம்பிள் தலைமை ஏற்க வேண்டும் என்று விரும்பியது. நம் சென்னையில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி எழுத்தராக வேலையைத் தொடங்கியவர் அவர். கடற்படைக்காரர் அல்லாதவர் கையில் கப்பலைத் தர முடியாது என்றது கடற்படைத் தலைமை. அந்த இடத்துக்குத்தான் குக் வந்தார். அப்போதுதான் லெப்டினன்ட் கமிஷன். வயது 39. நல்ல குடும்பத்துப் பையன்கள் இருபதிலேயே வாங்கிவிடும் பத்திரம்.

ஜர்னலிசம் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிய நாட்களில், 'டிகிரி இல்லையா?' என்ற கேள்வியை நானும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அதையும் இதையும் ஒப்பிட முடியாது. இருந்தாலும் இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடிக்க முடியாத தச்சர்

வாரன்ட் வெறும் சம்பளச் சீட்டு அல்ல, ஒரு கவசமும்கூட. சாதாரண மாலுமி தப்பு செய்தால் கேப்டன் சாட்டையால் அடிக்கச் சொல்லலாம். வாரன்ட் வைத்திருப்பவரை அடிக்க முடியாது. ராணுவ நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும்.

இதில் மாட்டிக்கொண்டவர் 'பவுண்டி' கப்பலின் வில்லியம் பிளை. அந்தக் கப்பலில் கமிஷன் பெற்ற ஒரே ஆள் அவர்தான். 1788-ல் டாஸ்மேனியா கரையில் தச்சர் வில்லியம் பர்செலோடு அவருக்குச் சண்டை. விறகு வெட்டுவதில் தொடங்கிய வாய்த்தகராறு, தண்ணீர்ப் பீப்பாய் ஏற்ற மாட்டேன் என்பது வரை போனது. பிளைக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் பர்செல் வாரன்ட் ஆபீசர். அடிக்க முடியாது. நீதிமன்றமோ பாதி உலகம் தாண்டி இருக்கிறது.

அடுத்த வருடம் ஏப்ரல் 28-ம் தேதி கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் பிளையை 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். அவரோடு 18 பேர் இறங்கினார்கள். அதில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? மாஸ்டர் ஃபிரையர், போசன் கோல், கன்னர் பெக்கோவர், பிளையோடு ஓயாமல் சண்டை போட்ட அதே தச்சர் பர்செல். தச்சரின் கருவிப் பெட்டியைத் தரலாமா கூடாதா என்று கலகக்காரர்களுக்குள் தகராறு. கருவி இருந்தால் இன்னொரு கப்பலே கட்டிவிடுவார் என்று அவர்களுக்குப் பயம். கடைசியில் பெட்டி படகில் ஏறியது.

அந்தப் படகு ஏறக்குறைய 6,700 கிலோமீட்டர் கடலைக் கடந்து, ஜூன் 14-ம் தேதி தைமூர் தீவின் கூபாங் சேர்ந்தது. வழியில் ஒரு தீவில் நடந்த தாக்குதலில் ஒருவர் இறந்தார். மற்ற எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். வழியெல்லாம் பிளையும் பர்செலும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பிளையைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பர்செல் கலகத்தில் சேரவில்லை. இதைச் சொன்னபோது தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். "கேப்டனோட பேசவே மாட்டேன்னு இருந்திருக்கேன். ஆனா இன்ஜின் ஓடாம இருந்ததில்ல."

நெல்சன் பக்கத்தில் இருந்தவர்கள்

1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் போர். அட்மிரல் நெல்சனின் 'விக்டரி' கப்பலில் சுக்கான் சக்கரம் குண்டு பட்டுச் சிதறியது. கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய், அங்கிருந்து கப்பலைத் திருப்பியவர்களில் ஒருவர் மாஸ்டர் தாமஸ் அட்கின்சன். பீரங்கிகளுக்குப் பொறுப்பான கன்னர் வில்லியம் ரிவர்ஸ். அவர் மகனும் அதே கப்பலில் மிட்ஷிப்மேன். அன்றைய சண்டையில் அந்தப் பையனுக்கு ஒரு கால் போனது. அப்பா வாரன்ட்டோடு நின்றார், மகனை ஆபீசராக்கக் கப்பலேற்றியிருந்தார். அந்த ஒரு குடும்பத்துக்குள்ளேயே கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தது.

நெல்சன் குண்டடிபட்டு கீழ்த்தளத்தில் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சர்ஜன் வில்லியம் பீட்டி, பர்சர் வால்டர் பர்க், பாதிரியார் அலெக்சாண்டர் ஸ்காட். மூவருமே கமிஷன் இல்லாதவர்கள். தலையணையோடு தாங்கிப்பிடித்தவர் பர்க். நெஞ்சைத் தடவிக்கொடுத்தவர் ஸ்காட். பிரிட்டனின் மிகப் பெரிய கடற்படைத் தலைவரின் உயிர் இவர்கள் கையில்தான் பிரிந்தது.

ஏணியில் பாதிப் பேர்

19-ம் நூற்றாண்டில் ஏணி போட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் இல்லை. 1843-ல் மாஸ்டர், சர்ஜன், பர்சர் ஆகியோருக்குக் கமிஷன் கிடைத்தது. படிப்பும் கணக்கும் சேர்ந்த வேலைகள் மேலே போயின. கையில் கரி ஒட்டும் போசன், கன்னர், தச்சர் அப்படியே நின்றார்கள். வாரன்ட் ஆபீசர் என்றால் இனி இவர்கள்தான் என்றானது.

இவர்களில் ஒருவர் இஸ்ரேல் ஹார்டிங். 1882 ஜூலை 11, எகிப்தின் அலெக்சாண்ட்ரியா மேல் நடந்த தாக்குதலில் 'அலெக்சாண்ட்ரா' கப்பலின் கன்னர். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு பக்கவாட்டைத் துளைத்து உள்ளே விழுந்தது. திரி எரிந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு கீழேயிருந்து ஏறி வந்த ஹார்டிங், தண்ணீர் ஊற்றித் திரியை நனைத்தார், குண்டைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

அந்தக் காலத்தில் கன்னர் ஒருவர் லெப்டினன்ட் ஆவது அத்தி பூத்தாற்போல. வாரன்ட் ஆபீசர்கள் பல வருடம் கோரிக்கை வைத்துப் போராடிய பிறகுதான், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதவு கொஞ்சம் திறந்தது. அப்படி லெப்டினன்ட் ஆன கன்னர் தாமஸ் லைன், பின்னாளில் ரியர் அட்மிரல் வரை உயர்ந்தார். தென்னாப்பிரிக்கக் கடலில் அவர் பொறுப்பிலிருந்த சிறிய டார்பிடோ படகின் இயந்திரத் தண்டு உடைந்தபோது, கிடைத்த துணியில் பாய் கட்டிக் கரை சேர்த்தவர் அவர்.

1949-ல் வாரன்ட் ஆபீசர் என்ற பெயரே பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து போனது. அந்த வகையினரை ஆபீசர் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். நல்ல செய்திதானே? ஆனால் அதன் பிறகு, ஆபீசர்களுக்கும் மாலுமிகளுக்கும் நடுவில் நிற்கும் மூத்த ஆள் இல்லாத குறை தெரிந்தது. 1970-களில் வேறு பெயரில் அந்த இடத்தை மறுபடி உண்டாக்கினார்கள். 1985-ல் வாரன்ட் ஆபீசர் என்ற பழைய பெயரும் திரும்பி வந்தது.

நம் நாட்டில் அந்தக் கோட்டுக்கு நிறமும் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் ராயல் இந்தியன் மரைனில் ஆபீசர்கள் வெள்ளையர்கள், மாலுமிகள் இந்தியர்கள். டி.என்.முகர்ஜி என்ற இன்ஜினீயர் 1928-ல் கமிஷன் பெற்றபோதுதான் முதல் இந்திய ஆபீசர் வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிறம் போனது. நடுவில் நிற்கும் மூத்த ஆளின் இடம் தங்கியது. தாத்தாவின் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் அந்த இடம்தான். 'பெட்டி' என்பது 'சின்ன' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெட்டி தூக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திண்ணையில் கேட்ட கேள்வி

போன மாதம் ஊருக்குப் போனபோது நேரிலேயே கேட்டேன். "வயசுல சின்னப் பசங்களுக்கு முப்பது வருஷம் சல்யூட் அடிச்சீங்களே, கஷ்டமா இல்லையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சில நாள் உறுத்தும். இல்லைன்னு சொன்னா பொய்."

பிறகு ஒரு மழைக்கால ராத்திரியைச் சொன்னார். இன்ஜின் ரூமில் ஒரு பேரிங் மேல் கை வைத்தபோது சூடு சரியில்லை என்று பட்டது. மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டியூட்டியில் இருந்த லெப்டினன்டுக்கு 24 வயது. "நிறுத்தணும் சார்" என்றார் தாத்தா. அந்தப் பையன் மீட்டரைப் பார்த்தார், தாத்தாவின் முகத்தைப் பார்த்தார், மேலே போன் செய்தார். நிறுத்தினார்கள். பிரித்துப் பார்த்தால் பேரிங் உருகத் தொடங்கியிருந்தது.

"ரிப்போர்ட்ல அவர் பேருதான் வந்துச்சு. காலைல அவரே எனக்கு டீ எடுத்துட்டு வந்தாரு."

"உங்க பேரு வரலையேன்னு கோபம் வரலையா?"

"நிறுத்தச் சொன்னது அவரு. தப்பாப் போயிருந்தா பதில் சொல்ல வேண்டியதும் அவருதான். என் கைய நம்பினாரு பாரு, அது அவரோட வேலை. சூடு தெரிஞ்சது என்னோட வேலை. ரெண்டும் வேற வேற."

"அதனாலதான் பத்திரிகையில ஆபீசரை அடிச்சீங்களா?"

"அடிச்சது மட்டுந்தான் உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா பீரோவிலிருந்து சித்தி கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தாள். மஞ்சள் மங்கியிருந்தது. 'ஆபீசர்' மேல் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, பொடி எழுத்தில், தாத்தா கையால் எழுதியிருந்தார்: 'மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர்'. ஐந்நூறிலும் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லை அடிக்க இரண்டு நாள் எதற்கு என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அன்று இரவு போட்ட அந்த மரணச் செய்தியின் தலைப்பையும் கடைசியில் அப்படித்தான் மாற்றினேன். பதவியை முழுசாகப் போட்டேன். போன் திரையில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை, இரண்டு வரி ஆனது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.